லீவு என்று சொல்லிக் காட்டில் இருந்தோம்

அந்தக் கோடையில் நாங்கள் காட்டில் குடியிருந்தோம். கேம்பிங் போனோம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். சான் ஹோசேயிலிருந்து நாலு மணி நேரம் கிழக்கே, மலைமேல், அரசாங்கத்துக்குச் சொந்தமான பைன் காடு. எண் போட்ட இடம் கிடையாது, முன்பதிவு கிடையாது, வாடகை கிடையாது. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும்கூடக் கிடையாது. மண் சாலையோரம் முன்பு யாரோ டென்ட் அடித்த தடம் தெரிந்தால் அங்கே நாமும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே இடத்தில் பதினாலு நாள்தான் இருக்கலாம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு பல மைல் தள்ளி வேறு இடம் பார்க்க வேண்டும்.

நாங்கள் என்றால் நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை காபி ஆறுவதற்குள் என் வேலை போயிற்று. லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. என்னுடையது வேலை விசா. வேலை போனால் அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி எனக்காக விசா மனு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேரும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கணவர் என் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர், அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மகள் மூன்று வயதில் வந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். திருப்பூர் அவளுக்கு வீடியோ காலில் தெரிகிற ஓர் ஊர், அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரம் அவளுக்குப் பள்ளி முடிந்தது. அதே வாரம் எங்கள் அபார்ட்மென்ட் ஒப்பந்தமும் முடிந்தது. புதுப்பிப்பதென்றால் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் இந்த நாட்டில் இருப்பேனா என்று தெரியாத நான் எந்த தைரியத்தில் கையெழுத்துப் போடுவது? சாமான்களைக் கிடங்கில் பூட்டினோம். டென்ட் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. கணவர்தான் காட்டைப் பற்றிச் சொன்னார்.

“வேல கெடைக்கற வரைக்கும் அங்க இருந்துக்கலாம். பாப்பாவுக்கும் லீவுதானே. கேம்பிங்னு சொல்லிக்கலாம்.”

சொல்லிக்கலாம் என்ற அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸப் குழுவில் பைன் மரம், ஓடை, மகள் பாறைமேல் உட்கார்ந்திருப்பது என்று படம் படமாகப் போட்டேன். திருப்பூரில் அம்மா ஒவ்வொன்றுக்கும் கைகூப்புகிற பொம்மை அனுப்பினாள்.

எங்களுக்கு ஆள் இல்லாமல் இல்லை. சான் ரமோனில் ஒரு குடும்பம், ஒன்பது வருடப் பழக்கம். அந்த வீட்டுப் பெண் என் தோழி, சென்னைக்காரி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஒரு போன் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. அதற்குக் காரணம் என் வாய்.

அந்த வருடப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டில்தான் எல்லோரும் கூடினோம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு அப்போது வேலை போயிருந்தது. மனிதர் சாப்பிட்டுவிட்டு, சிரித்துவிட்டு, சீக்கிரமே கிளம்பிவிட்டார். கதவு சாத்தியதும் நான் சொன்னேன், “அஞ்சு வருஷமா ஒரே சாஃப்ட்வேர் டூலக் கட்டிட்டு அழுதா இப்படித்தான். அப்டேட் பண்ணிக்கோணும்.” கூடவே, பாவம் என்றும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அந்த மனிதர் எந்த வீட்டு விருந்துக்கும் வரவில்லை. மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பூட்டிய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது விசா அல்ல, அந்தப் பாவம்தான். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

காட்டு வாழ்க்கையைப் பற்றி அழகாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. காலையில் குளிர் எலும்பைக் குடையும், மதியம் புழுதி மூக்கை அடைக்கும். கையகல மண்வெட்டியோடு மரத்துக்குப் பின்னால் போய்க் குழி தோண்ட வேண்டும். வயசுக்கு வருகிற நேரத்துப் பெண்ணை அப்படி அனுப்பிவிட்டுக் காவலுக்கு நிற்கிற தாய்க்கு எந்த மலையும் அழகாகத் தெரியாது. சாப்பாட்டு வாசனை டென்டுக்குள் வந்தால் கரடி வரும் என்பதால் பெருங்காய டப்பாவை மூன்று பைக்குள் போட்டுப் பூட்டி வைத்தோம். அரிசியும் பருப்பும் குக்கரில் ஒன்றாகப் பொங்கும், அதுதான் மூன்று வேளையும்.

முதல் இடத்தில் பன்னிரண்டாம் நாள் குக்கர் விசில் அடித்த சத்தத்தைக் கேட்டு வனத்துறை அதிகாரி ஒருத்தி வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். ஏதாவது அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அது விசா படிவத்தில் ஏறுமா ஏறாதா என்று அந்த அரை நிமிடத்தில் மனசு எங்கெங்கோ ஓடியது. அவள் அடுப்பைப் பார்த்தாள், அடுப்பு மூட்ட வாங்கியிருந்த பெர்மிட்டைப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். வெகேஷனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காரின் பின் சீட்டில் அரிசி மூட்டைக்கு மேலே மகளின் பள்ளிப் பையும் பிரிண்டரும் இருந்தன. அதையும் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள்தான் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வேலை தேடாமல் இல்லை. காட்டில் சிக்னல் இல்லாததால் தினமும் காலையில் ஒன்பது மைல் மண் சாலையில் ஏறிப் போய், மேலே தார்ச்சாலை வளைவில் காரை நிறுத்துவோம். அங்கே போனுக்கு உயிர் வரும். அந்த வளைவுதான் என் ஆபீஸ். இன்டர்வியூ என்றால் இரவு உடைக்கு மேலே நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின் சீட்டில் உட்காருவேன். எனக்குப் பின்னால் கணவரின் வெள்ளை வேட்டியைக் கிளிப் போட்டு இழுத்துக் கட்டுவோம். கேமராவில் பார்த்தால் வெள்ளைச் சுவர் மாதிரியே இருக்கும். அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் நான் எவ்வளவு உற்சாகமான ஆள் என்று சொன்னேன். பெரும்பாலானவர்கள் பிறகு பதிலே போடவில்லை. ஒரே ஒரு கம்பெனி மட்டும் மூன்று சுற்று தாண்டி வந்தது. கடைசிச் சுற்று வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்றார்கள். அது நாற்பத்து நாலாம் நாள். வேலை உறுதியானாலும் வக்கீல் மனு தயாரிக்கப் பத்து நாளாவது வேண்டும். அந்த வியாழக்கிழமையை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

அந்த வியாழனுக்கு மறுநாள் அரசு விடுமுறை, நீண்ட வார இறுதி. செவ்வாயன்று வளைவில் போனைத் திறந்தால் சான் ரமோன்காரியின் செய்தி. “உங்க கேம்ப் போட்டோ பாத்துப் பாத்து எங்களுக்கும் ஆசை வந்துடுச்சு. வியாழக்கெழம காலைல வரோம். ஒண்ணும் வாங்கி வைக்காத, எல்லாம் நாங்க எடுத்துட்டு வரோம்.”

இடம் மாறப் போகிறோம் என்று பதில் போட்டேன். எங்கே மாறினாலும் வருகிறோம் என்று உடனே பதில் வந்தது. என் மகள் ஏற்கெனவே அவர்கள் பெண்ணுக்கு வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பியிருந்தாள். கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “வரட்டுமே. சொல்லிரலாம். எத்தன நாளைக்கு மறைக்கறது?”

“வாயத் தொறந்தீங்கன்னா நான் அப்படியே ஊருக்குப் போயிருவேன்,” என்றேன். ஊருக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனை பாடு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்கினார்கள். அவள், அவள் கணவர், அவர்கள் பெண். பெரிய வண்டி முழுக்கச் சாமான். இரண்டு ஐஸ் பெட்டி, எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர், முறுக்கு. எங்களிடம் இருந்த பிரிண்டரையும் மூட்டைகளையும் காலையிலேயே காரின் டிக்கியில் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் அதிகமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். மலைக்காற்று என்றேன்.

அவள் கணவர் முதல் வேலையாக ஒரு தட்டு மாதிரியான ஆன்டெனாவை எடுத்து வெட்டவெளியில் வைத்தார். வானத்திலிருந்து இன்டர்நெட் வருமாம். கால் மணி நேரத்தில் வந்தும்விட்டது. பிறகு எங்கள் டென்டுகளிலிருந்து இருபது அடி தள்ளி, மரத்துக்குப் பின்னால், ஒரு சின்ன டென்ட் அடித்தார். அதற்குள் மடக்கு மேஜை, நாற்காலி, பேட்டரி விளக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டுக்கு வந்தும் ஆபீஸ் வைக்கிறார்கள், வேலை இருக்கிறது என்று காட்டிக்கொள்வதில் என்ன ஒரு அக்கறை என்று மனசுக்குள் திட்டினேன்.

“சும்மா போட்டு வச்சிருக்கோம்,” என்றாள் அவள், முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. “யாருக்காவது ஏதாவது கால் கீல் இருந்தா யூஸ் பண்ணிக்கலாம்.”

“வெகேஷன்ல என்ன கால்?” என்றேன்.

“இல்ல, திடீர்னு வரும்ல. வந்தா நான் பசங்கள எல்லாம் ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போயிடறேன். சத்தமே இருக்காது.”

“எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கணவரும் தன் பங்குக்கு, நெட் ஸ்பீடு வீடியோ காலுக்கே போதும் என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையாலேயே அவரை அடக்கினேன்.

மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குக் கிளம்பினால்தான் வளைவுக்குப் போய் வேட்டி கட்டி உட்கார நேரம் இருக்கும். எழுந்து சாவியை எடுத்தேன். ஐஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். இரண்டு பெட்டி நிறைய இருக்கிறதே என்றாள். அப்படியானால் பால் என்றேன். பாலும் இருந்தது. அவர்கள் கொண்டுவராத பொருள் எது என்று மூளையைக் கசக்கினேன்.

“மாத்திரை வாங்கணும். தலைவலி.”

அவளிடம் மாத்திரையும் இருந்திருக்கும், ஒரு மருந்துக்கடையையே பையில் வைத்திருப்பவள். ஆனால் அவள் பையைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். வாய் திறப்பது போலத் திறந்து மூடிக்கொண்டாள். பிறகு, “சரி, பாத்துப் போ,” என்றாள்.

மண் சாலை அன்று நான் பார்த்த சாலையே அல்ல. நீண்ட விடுமுறைக்கு ஊரே மலையேறி வந்துகொண்டிருந்தது. நாலாவது மைலில் படகைக் கட்டி இழுத்து வந்த ஒரு வண்டி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. முன்னாலும் பின்னாலும் கார்கள், புழுதி. ஹாரனில் கையை வைத்துக்கொண்டு அழுதேன். வளைவுக்குப் போனபோது மணி ஒன்று ஐம்பத்தாறு. அங்கே ஏற்கெனவே ஏழெட்டு கார்கள். வேட்டியை ஒரு பக்கம்தான் கட்ட முடிந்தது, இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளக் கணவர் இல்லை. அதைத் தோளுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டு இணைப்பை அழுத்தினேன்.

போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன. ஆனால் ஒன்றும் வரவில்லை. அத்தனை பேர் போனும் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து வரும்? வட்டம் சுற்றியது. இரண்டு ஐந்துக்கு ஒரு முகம் தெரிந்து உறைந்தது. ஒரு பெண் குரல் என் பெயரைச் சொன்னது. கேட்கிறதா என்று கேட்டது. கேட்கிறது, கேட்கிறது என்று கத்தினேன். மறுபடி வட்டம். காரை விட்டு இறங்கிப் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சாலையில் அங்கும் இங்கும் ஓடினேன். மேலே காரில் மாற்றிக்கொண்ட நல்ல சட்டை, கீழே புழுதி படிந்த பைஜாமா. பக்கத்துக் காரிலிருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது.

இரண்டு நாற்பது வரை அங்கேயே நின்றேன். கடவுளைக் கேட்டேன், திட்டவும் செய்தேன். பிறகு வேட்டியை மடித்து வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

முகாமுக்குள் கார் நுழைந்ததும் போன் ஒரு முறை அதிர்ந்தது. என் மகள் காலையிலேயே அவர்கள் இன்டர்நெட்டை என் போனிலும் இணைத்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியின் மெயில் அழகாக, முழுசாக, ஒரு நொடியில் வந்து இறங்கியது. இருபது நிமிடம் காத்திருந்தோம், இணைய முடியாததற்கு வருந்துகிறோம், குழுவினர் அடுத்த இரண்டு வாரம் விடுமுறையில் போகிறார்கள், திரும்பியதும் பேசலாம். இரண்டு வாரம் கழித்து என்றால் ஐம்பத்தெட்டாம் நாள். காரை நிறுத்தாமலேயே அதைப் படித்து முடித்தேன். எதிரே அந்தச் சின்ன டென்ட். மேஜையும் நாற்காலியும் காலியாக இருந்தன. மதியம் முழுக்க யாரும் அதற்குள் போன மாதிரியே தெரியவில்லை.

அவள் அடுப்பில் காபி கலந்துகொண்டிருந்தாள். புழுதியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கு வேல போயிருச்சு,” என்றேன். “நாப்பத்து நாலு நாள் ஆச்சு. வீடும் இல்ல. இங்கதான் இருக்கோம்.”

அவள் காபியைக் கலக்குவதை நிறுத்தினாள். “தெரியும்டி,” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“பசங்க பேசிக்கிட்டாங்க. ரெண்டு வாரமாத் தெரியும். இன்னிக்கு ரெண்டு மணிக்கு உனக்கு இன்டர்வியூன்னும் தெரியும். அதுக்காகத்தான் அந்த நெட்டு, அந்த டென்ட்டு எல்லாம். நேத்து வரைக்கும் எங்ககிட்ட அது கிடையாது, இவர் அலைஞ்சு வாங்கிட்டு வந்தார்.”

“அப்பறம் ஏன் சொல்லல?” என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கிளம்பியது. “கைல சாவியோட நின்னேனே. இருபது அடி தள்ளி எல்லாம் இருக்கு, போடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிச் சொல்றது? நீ வெகேஷன்னு சொல்லிட்டே இருக்க. மூஞ்சிக்கு நேரா உனக்கு வேல போச்சாமேன்னு கேக்கச் சொல்றியா? நீயா எடுத்துப்பன்னு நெனச்சோம். எவ்வளவு ஜாடையா சொன்னேன்.” அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. “மாத்திரைன்னு சொன்னப்பவே புடிச்சு நிறுத்தியிருக்கணும். உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு விட்டுட்டேன். எங்கள என்னன்னுடி நெனச்ச நீ?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. இத்தனை நாள் மறைத்துவைத்ததில் அதுதான் பெரியது.

“நீங்களும் என்னைய மாதிரின்னு நெனச்சுட்டேன்,” என்றேன்.

அவள் காபி டம்ளரை என் கையில் வைத்து, தன் கையையும் அதன் மேலே வைத்துக்கொண்டாள்.

மறுநாளே எங்களைச் சான் ரமோனுக்குக் கூட்டிப்போனார்கள். மாடி அறையில் இருந்துகொண்டு மீதி இருந்த பதினாலு நாளில் என்னென்ன செய்யலாமோ எல்லாம் செய்தேன். அவள் கணவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் என் விவரத்தை அனுப்பினார். பொங்கலன்று சீக்கிரம் கிளம்பிப் போன அந்த மனிதர்கூட இரண்டு இடத்தில் சொல்லிப் பார்த்தார். எதுவும் நேரத்துக்கு அமையவில்லை. ஐம்பத்தொன்பதாம் நாள் மூன்று பேரும் விமானம் ஏறினோம். மகள் பதினாறு மணி நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

இப்போது திருப்பூரில் இருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், ஏன் திரும்பி வந்துவிட்டீர்கள் என்று. அம்மா அப்பாவுக்கு வயசாகிறது, கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்களாகத்தான் வந்துவிட்டோம் என்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.